'உன் இஷ்டம்' என்று கைகழுவும் பெற்றோர்கள்

ஒரே வீடு. இரண்டு பிள்ளைகள்.

அண்ணன் ப்ளஸ் டூ படித்த வருஷம் அந்த வீட்டில் கேபிள் கனெக்‌ஷன் துண்டிக்கப்பட்டது. சொந்தத்தில் நடந்த கல்யாணங்களுக்கு அப்பா மட்டும் போய் மொய் எழுதிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார். விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழுந்து காபி போட்டார். கணக்குக்கு ஒரு டியூஷன், பிசிக்ஸுக்கு ஒரு டியூஷன். ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். எந்தக் காலேஜுக்கு என்ன கோடு நம்பர், போன வருஷம் கட் ஆஃப் எங்கே நின்றது, ஹாஸ்டல் உண்டா, பஸ் உண்டா... எல்லாம் அந்த நோட்டில் ஏறியது. கவுன்சிலிங் சாய்ஸ் லிஸ்ட் போடுவதற்கு ஆபீஸில் மூன்று நாள் லீவு.

நாலு வருஷம் கழித்து தங்கை ப்ளஸ் டூ. படம் வரைகிற பெண். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்து, அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவள். ஒருநாள் தயங்கித் தயங்கி, "நான் டிசைன் படிக்கணும்ப்பா" என்றாள். கத்தல் இல்லை, அழுகை இல்லை. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அப்பா சொன்னார்: "உன் இஷ்டம்மா. நீயே விசாரிச்சுப் பார்த்துக்கோ."

உறவினர்கள் மெச்சினார்கள். "எவ்வளவு சுதந்திரம் குடுத்து வளர்க்கிறாங்க பாருங்க!"

சுதந்திரமா அது?

இந்த வீடு தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் இருக்கும். பழைய சினிமாவில் வருகிற அப்பா படத்தைக் கிழித்துப் போடுவார், தூரிகையை உடைப்பார். அந்த அப்பாவோடு சண்டையாவது போட முடியும். பட்டினி கிடக்கலாம், தாத்தாவைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடலாம். 'உன் இஷ்டம்' என்கிற அப்பாவோடு எப்படிச் சண்டை போடுவது? அவர்தான் சம்மதித்துவிட்டாரே! தடுக்காமல் இருப்பதையே உதவி என்று நினைக்கும் இந்தப் புதுவகைப் பெருந்தன்மைதான் இன்றைக்குக் கலைப்பக்கம் போக நினைக்கும் பிள்ளைகளுக்குப் பெரிய எதிரி.

ஏன் என்பதற்குக் காலண்டரைப் பார்த்தால் போதும்.

இஞ்சினியரிங்குக்குத் தமிழ்நாட்டில் தனியாக நுழைவுத் தேர்வு கிடையாது. ப்ளஸ் டூ எழுதி முடித்த பிறகுதான் விண்ணப்பம், ரேங்க் லிஸ்ட், கவுன்சிலிங். ஆகவே 'ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்' என்ற பழக்கம் எல்லா வீட்டிலும் ஊறிப்போயிருக்கிறது. டிசைன் படிப்புகளின் கணக்கே வேறு. ஐஐடி மும்பை நடத்தும் யூசீட் தேர்வுக்கு அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு ஜனவரியில். அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் முதல்நிலைத் தேர்வு டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில் வருகிறது. நிஃப்ட் தேர்வு பிப்ரவரியில். அதாவது அரையாண்டுத் தேர்வு, ரிவிஷன் டெஸ்ட், பிராக்டிகல் எல்லாம் கழுத்தைப் பிடிக்கும் அதே மாதங்களில்! மே மாதம் ரிசல்ட் வந்து அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சரி, இப்ப சொல்லு, எங்க சேரணும்?" என்று கேட்கும்போது மூன்று கதவுகளும் சாத்தி நாலு மாதம் ஆகியிருக்கும்.

"அடுத்த வருஷம் எழுதிக்கலாமே?" எழுதலாம். ஆனால் யூசீட்டை அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் இரண்டே முறைதான் எழுத முடியும். அந்த ஒரு வருஷத்தை வீட்டில் உட்கார்ந்து கழிக்க எத்தனை பெண் பிள்ளைகளுக்கு அனுமதி கிடைக்கும்? அந்த வருஷத்தில் ஜாதகம் வெளியே வராமல் இருந்தால் அதிசயம்.

பதினேழு வயசுப் பிள்ளை ஒரு பக்கம் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு எழுதிக்கொண்டு, இன்னொரு பக்கம் மூன்று தேர்வுகளின் கடைசித் தேதிகளை ஞாபகம் வைத்துக்கொண்டு, இன்னொருவர் பேங்க் அக்கவுண்டிலிருந்து ஃபீஸ் கட்டச் சொல்லி கெஞ்சிக்கொண்டு, சாதிச் சான்றிதழில் பெயரின் ஸ்பெல்லிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இதற்கு நடுவே வரையவும் வேண்டும். அண்ணனுக்கு இதில் ஒன்றையாவது தனியாகச் செய்யச் சொன்னார்களா?

இங்கே ஒரு பதில் தயாராக வரும். "எங்களுக்கு இந்த டிசைன், ஃபைன் ஆர்ட்ஸ் பத்தியெல்லாம் ஒண்ணும் தெரியாதே!"

சரி. கட் ஆஃப் என்றால் என்னவென்று அப்பா பிறக்கும்போதே தெரிந்துகொண்டா வந்தார்? கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50, மொத்தம் 200 என்பதை டீக்கடையில் நாலு பேரிடம் கேட்டுத்தானே தெரிந்துகொண்டார்? அந்த நாற்பது பக்க நோட்டு வானத்திலிருந்து விழவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளும் திறமை அவருக்கு நிறையவே இருக்கிறது. மகனுக்காக அது வேலை செய்தது, மகளுக்காக வேலை செய்யவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

தெரிந்துகொள்ளாததன் விலையைப் பத்தாம் வகுப்பு முடிந்ததுமே கட்ட ஆரம்பிக்கிறார்கள். "எதுக்கும் சேஃப்டிக்கு" என்று மேத்ஸ் பயாலஜி குரூப்பில் தள்ளுவது முதல் தவணை. ஆர்க்கிடெக்சர் போக வேண்டும் என்றால் கணிதமும் பிசிக்ஸும் வேண்டும், உண்மை. ஆனால் நிஃப்ட், யூசீட், அகமதாபாத் எல்லாவற்றுக்கும் எந்த குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். காமர்ஸ் படித்தாலும் போகலாம், வரலாறு படித்தாலும் போகலாம். இந்த ஒரு வரி தெரியாததால் இரண்டு வருஷம் தவளையின் ரத்த ஓட்ட மண்டலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! (படம் மட்டும் பிரமாதமாக வரைந்திருப்பார்கள் :-) )

வீட்டில் யாராவது வாயைத் திறந்து விசாரித்தாலும் கூத்துதான். "என்.ஐ.டி.க்கு எழுதப்போறேன் மாமா" என்றால், "பலே! திருச்சிதானே?" என்பார் மாமா. "இல்ல மாமா, அது வேற. இது அகமதாபாத், டிசைன்" என்றதும் முகம் தொங்கிவிடும். அதே மாமாவிடம் "ஐஐடியிலேயே டிசைன் படிப்பு இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். கையிலிருக்கும் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்! பிள்ளை அதேதான், விரல் அதேதான், படிப்பின் பெயரும் அதேதான். மரியாதை மட்டும் போர்டைப் பார்த்து வருகிறது.

இந்த மரியாதைக் கணக்கில் அதிகம் அடிபடுவது சென்னை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது அது. சென்னைப் பல்கலைக்கழகமே 1857-இல்தான் வந்தது. மெரினாவுக்குப் போகிற ஒவ்வொரு குடும்பமும் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 'நாயகன்' படத்துக்குத் தாராவியை சென்னையில் செட்டாகப் போட்டு தேசிய விருது வாங்கிய தோட்டா தரணி அங்கே படித்தவர். போட்டோ வேண்டும், படம் வேண்டும், ஆனால் பிள்ளை அங்கே படிக்கிறது என்று சொல்ல நாக்கு எழாது.

"எல்லாரும் தோட்டா தரணி ஆயிட முடியுமா?" முடியாது. இஞ்சினியரிங் படித்த எல்லாரும் சுந்தர் பிச்சை ஆகிவிட்டார்களா என்ன? மாணவர் சேராமல் மூடிய இஞ்சினியரிங் கல்லூரிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அங்கே போய் அரியர் வைத்து, வேறு ஏதோ வேலைக்குப் போனவர்களும் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அந்த ஆபத்தைச் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளும் வீடு, இந்த ஆபத்துக்கு மட்டும் உத்தரவாதப் பத்திரம் கேட்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு கூட்டமும் உண்டு. அவர்களையும் விடக்கூடாது. இவர்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுவார்கள். எல்.கே.ஜி.யிலிருந்து ப்ராஜெக்ட் செய்துகொடுத்து வந்த அம்மா, அதே வேகத்தில் பிள்ளையின் படங்களையும் 'கொஞ்சம் திருத்தி'க் கொடுப்பார். பெரிய தொகை வாங்குகிற கோச்சிங் சென்டரில் சேர்த்துவிடுவார். அங்கே நாற்பது பேரும் ஒரே மாதிரி ரயில்வே ஸ்டேஷன், ஒரே மாதிரி குடைக்காரப் பெண் வரையக் கற்றுக்கொள்வார்கள். ஆனால் நிஃப்டின் சிச்சுவேஷன் டெஸ்டில் பொருள்களைக் கையில் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து ஒரு மாடல் செய்யச் சொல்வார்கள். அகமதாபாத்தின் இரண்டாம் கட்டத் தேர்வும் கிட்டத்தட்ட அப்படித்தான். அந்த அறைக்குள் அம்மா வர முடியாது. பிள்ளையின் கையும் கண்ணும் மட்டும்தான் உள்ளே போகும். இத்தனை நாள் அந்தக் கைக்கு வேலை கொடுக்காமல் வைத்திருந்தால் அது அங்கே என்ன செய்யும்?

அப்படியென்றால் பெற்றோர் என்னதான் செய்ய வேண்டும்? குமாஸ்தா வேலை. ஆம், குமாஸ்தா வேலைதான்!

பென்சிலும் பேப்பரும் பிள்ளையுடையது. மற்றதெல்லாம் வீட்டுடையது. ப்ளஸ் டூ ஆரம்பிக்கும் ஜூன் மாதமே எல்லாத் தேர்வுகளின் தேதிகளையும் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையில் குறிப்பது. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைப்பது. ஹால் டிக்கெட் ஜெராக்ஸ் எடுப்பது. தேர்வு மையம் வேறு ஊரில் என்றால் முதல் நாளே கூட்டிப்போய்த் தங்க வைப்பது. வாரத்தில் இரண்டு சாயங்காலம் டியூஷன் இல்லாமல் வரைவதற்கென்று விடுவது, அந்த நேரத்தில் "கடைக்குப் போய் தயிர் வாங்கிட்டு வா" என்று சொல்லாமல் இருப்பது. யூசீட்டும் நிஃப்டும் தமிழில் நடப்பதில்லை. தமிழ் மீடியம் பிள்ளைக்குப் பழைய கேள்வித்தாளை உட்கார்ந்து வாசித்துப் புரியவைக்க அண்ணன் எதற்கு இருக்கிறான்? அவன் கல்லூரிப் படிப்புக்கு வீடே உழைத்தது. இப்போது அவன் முறை.

ப்ளஸ் டூவை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. அதில் தேறாவிட்டால் எந்த நுழைவுத் தேர்வில் ஜெயித்தும் பயனில்லை. ஆனால் தேறுவதற்கும் பிசிக்ஸில் 97 வாங்குவதற்கும் நடுவே இருக்கும் நூற்றுக்கணக்கான மணி நேரங்கள் யாருக்காகச் செலவாகின்றன என்று ஒருமுறை வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டாமா?

இன்னொன்று, பணம். நிஃப்டிலும் அகமதாபாத்திலும் செலவு லட்சக்கணக்கில் ஆகும். அரசு கவின்கலைக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. சென்னையிலும் கும்பகோணத்திலும் நாலு வருஷ பி.எஃப்.ஏ. இருக்கிறது. "அவ்வளவு பணம் நம்மகிட்ட இல்லம்மா, இவ்வளவுதான் முடியும்" என்று ஜூன் மாதமே சொல்கிற அப்பா நல்ல அப்பா. அந்த வார்த்தையைக் கேட்டு எந்தப் பிள்ளையும் உடைந்துபோகாது, வேறு வழி பார்க்கும். லோன், ஸ்காலர்ஷிப், கும்பகோணம் எதையாவது யோசிக்கும். 'உன் இஷ்டம்' என்று பத்து மாதம் சொல்லிவிட்டு, செலக்‌ஷன் ஆனபிறகு ஃபீஸைப் பார்த்து "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று சொல்லும்போதுதான் உடைந்துபோகும். இதைவிட ஆரம்பத்திலேயே 'முடியாது' என்று சொல்லியிருக்கலாம்.

இந்தக் கோபம் எல்லாப் பெற்றோர் மீதும் அல்ல. விடிந்தால் வேலைக்குப் போய் இருட்டினால் திரும்புகிற, மூத்த பிள்ளைக்கும் எந்த ஃபாரமும் நிரப்பித் தரத் தெரியாத அம்மா அப்பாவைக் குறை சொல்வது அநியாயம். அங்கே அந்தக் குமாஸ்தா வேலையைப் பள்ளிக்கூடம் செய்ய வேண்டும். ஒரு ட்ராயிங் மாஸ்டர் நோட்டீஸ் போர்டில் தேதிகளை எழுதிப் போட்டால்கூடப் போதும். இங்கே கேள்வி, ஒரு பிள்ளைக்கு அத்தனையும் செய்யத் தெரிந்து, இன்னொரு பிள்ளைக்கு 'உன் இஷ்டம்' என்று சொன்னவர்களைப் பார்த்துத்தான்.

அந்தப் பெண் கேட்பது புரட்சி இல்லை. அப்பா ஓவியத்தைப் பாராட்ட வேண்டாம், புரிந்துகொள்ளக்கூட வேண்டாம். அண்ணனுக்கு வாங்கிய மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினால் போதும். முதல் பக்கத்தில் அவள் பெயரை எழுதி, கீழே மூன்று தேதிகள் குறித்தால் போதும்.

அதைச் செய்துவிட்டுச் சொல்லட்டும், "உன் இஷ்டம்மா" என்று. அப்போது அந்த வார்த்தைக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.