90 நிமிடத்தில் 90 கேள்வியா, ஒரே ஒரு கேள்வியா? புதுக்கோட்டைப் பிள்ளைகளும் ஒலிம்பியாட் கணக்கும்

எட்டாம் வகுப்பு படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் என்எம்எம்எஸ் தேர்வில், மனத்திறன் தாளுக்கு 90 நிமிடம். கேள்விகள் 90. அதாவது, ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டில் ஒரு நாள் தேர்வு நாலரை மணி நேரம். கேள்விகள் மூன்றே மூன்று. அதாவது, ஒரு கேள்விக்கு 90 நிமிடம்.

புதுக்கோட்டை மாதிரியான ஒரு மாவட்டத்தில் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கிடைத்தால், பள்ளி அதை முதல் வகைத் தேர்வுக்குத்தான் தயார் செய்யும். அதில் தப்பு சொல்ல முடியாது. என்எம்எம்எஸ்-ல் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் 2 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000 ரூபாய். கல் குவாரிக்கோ முந்திரிக் காட்டுக்கோ கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. ஆனால், அந்தப் பயிற்சி முழுக்க வேகத்துக்கானது. பழைய வினாத்தாள், குறுக்குவழி, 'பார்த்ததும் போடு'. ஒரு கணக்கோடு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டும் பழக்கம் அதில் வராது. அந்தப் பழக்கம் இல்லாததால் பிள்ளைகளுக்கு எந்தக் கதவெல்லாம் திறக்காமலே போகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

ஏணியின் படிகள்

ஒலிம்பியாட் என்பது ஒரே தேர்வு இல்லை. முதல் படி ஐஓக்யூஎம். சமீப ஆண்டுகளில் செப்டம்பரில் நடக்கிறது. மூன்று மணி நேரத்தில் 30 கேள்வி. விடை 00 முதல் 99-க்குள் ஒரு முழு எண். ஏ, பி, சி, டி கிடையாது, ஆகவே குருட்டாம்போக்கில் ஒன்றைத் தட்டிவிட்டு வரும் வித்தை இங்கே எடுபடாது. அடுத்து மண்டல அளவிலான ஆர்எம்ஓ, பிறகு தேசிய அளவிலான ஐஎன்எம்ஓ, பயிற்சி முகாம், கடைசியில் ஆறு பேர் கொண்ட இந்திய அணி. ஒரு கேள்விக்குக் கிடைக்கும் நேரத்தைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்: ஐஓக்யூஎம்-ல் சராசரி 6 நிமிடம், ஆர்எம்ஓ-வில் 30, ஐஎன்எம்ஓ-வில் 45, உலக மேடையில் 90. மேலே ஏற ஏறத் தேர்வு மெதுவாகிறது.

இந்தியா இதில் 1989-லிருந்து கலந்துகொள்கிறது. 2024-ல் நான்கு தங்கத்துடன் உலகில் நான்காம் இடம் பிடித்தது. அந்த ஆறு பேரில் ஒருவராகப் புதுக்கோட்டைப் பிள்ளை வரணும் என்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது படி வரை ஏறினாலே பலன் உண்டு. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம் போன்ற நிறுவனங்கள் ஐஎன்எம்ஓ-வில் தேறியவர்களுக்குச் சேர்க்கையில் தனி வழி வைத்திருக்கின்றன. ஐஐடி மெட்ராஸ் 2025-26 முதல் ஒலிம்பியாட் திறமையாளர்களுக்கென்று தனி இடங்களே ஒதுக்கியிருக்கிறது.

புளியங்கொட்டைப் பாடம்

'உத்தி' என்றதும் பலர் ஃபார்முலா என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. 21 புளியங்கொட்டைகளைக் குவித்துவைத்து இருவர் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறி மாறி ஒன்றோ, இரண்டோ, மூன்றோ எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு ஜெயம். முதலில் ஆடுபவர் எத்தனை எடுக்கணும்?

21-லிருந்து யோசிக்க ஆரம்பித்தால் தலை சுற்றும். முடிவிலிருந்து பின்னோக்கி வந்து பாருங்கள். எதிராளி முன்னால் 4 கொட்டை இருந்தால், அவர் ஒன்று எடுத்தால் நீங்கள் மூன்று, இரண்டு எடுத்தால் இரண்டு, மூன்று எடுத்தால் ஒன்று, ஆட்டம் உங்களுக்கு. அப்போ எதிராளியை 4-ல் நிறுத்தணும். அதற்கு முன்னால் 8-ல், அதற்கும் முன்னால் 12, 16, 20-ல். ஆகவே முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு கொட்டையை எடுத்தால் போதும். அதன் பிறகு எதிராளி எப்படிப் புரண்டாலும் தப்ப முடியாது. இதில் பயன்பட்ட கணிதம் நாலாம் வாய்ப்பாடுதான். 'பின்னாலிருந்து யோசி' என்ற உத்திதான் புதிது. ஒரு பிள்ளை இதை ஆசிரியர் சொல்லித் தெரிந்துகொள்வதற்கும், பத்து தடவை தோற்றுப்போய்த் தானாகக் கண்டுபிடிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

இன்னொன்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் 12 தாலுகாக்கள். மாவட்டத்தைச் சேர்ந்த 13 மாணவர்களை எங்கிருந்து கூட்டி வந்தாலும், குறைந்தது இரண்டு பேர் ஒரே தாலுகாக்காரர்களாகத்தான் இருப்பார்கள். 'இது தெரியாதா?' என்று சிரிக்கத் தோன்றும். சரி, இப்போது இதைப் பாருங்கள்: ஏதாவது 13 முழு எண்களை எடுத்தால், அவற்றில் இரண்டின் வித்தியாசம் நிச்சயம் 12-ஆல் மீதியின்றி வகுபடும் என்று நிரூபிக்கணும். சிரிப்பு நின்றுவிடும். ஆனால் இரண்டும் ஒரே கணக்கு. 12-ஆல் வகுத்தால் வரும் மீதி 0 முதல் 11 வரை, மொத்தம் 12 தாலுகா. எண்கள் 13. புறாக்கூண்டுக் கொள்கை என்று இதற்குப் பெயர். கொள்கையை மனப்பாடம் செய்வது ஒரு நிமிட வேலை. மீதிகளைத் தாலுகாக்களாகப் பார்க்கும் கண் வருவதற்குத்தான் மாதங்கள் ஆகும்.

மூன்றாவது உதாரணத்துக்குக் கரும்பலகை வேண்டும். 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஏதாவது இரண்டு எண்களை அழித்து, அவற்றின் வித்தியாசத்தை எழுதுங்கள். இப்படியே செய்துகொண்டு போனால் கடைசியில் ஒரே எண் மிஞ்சும். அது பூஜ்ஜியமாக இருக்க முடியுமா? முடியாது. எந்த இரண்டை அழித்தாலும், பலகையில் உள்ள எண்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படை அளவில்தான் குறையும். தொடக்கக் கூட்டுத்தொகை 55, ஒற்றைப்படை. ஆகவே கடைசி வரை ஒற்றைப்படைதான். எல்லாம் மாறிக்கொண்டிருக்கும்போது மாறாமல் இருப்பது எது என்று தேடுவதுதான் இங்கே உத்தி.

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, 1945-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் கணக்குக்குத் தீர்வு காணுவதை நான்கு கட்டமாகப் பிரித்தார். கேள்வியைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, செய், திரும்பிப் பார். நம் வகுப்பறைகளில் நடப்பது மூன்றாவது மட்டும். முதல் இரண்டையும் ஆசிரியரே செய்துவிடுகிறார், நான்காவதுக்குள் மணி அடித்துவிடுகிறது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, பாடத்திட்டமும் திருப்புதல் தேர்வும் கழுத்தைப் பிடிக்கும்போது அவர்தான் என்ன செய்வார்?

தடை அறிவில் இல்லை

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. சென்னையை மையமாகக் கொண்ட இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம் 1965-லேயே தொடங்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று திறனறிப் போட்டியும் நடத்திவருகிறது. முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே.சீனிவாசன், 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜன் பெயரில் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அமைத்தார். ஆனால் ராயபுரத்துக்கும் மணமேல்குடிக்கும் நடுவே கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். அதைவிடப் பெரிய தூரம் மொழி. ஒலிம்பியாட்டுக்குப் படிப்பவர்கள் கையில் இருக்கும் நல்ல புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம். ஆங்கிலக் கேள்வியைப் புரிந்துகொள்வதற்குள்ளேயே ஆறு நிமிடம் போய்விட்டால், புளியங்கொட்டை தெரிந்தும் பிரயோஜனம் இல்லை. தவிர, பதிவுக் கட்டணம், பள்ளி வழியாகப் பதிவு, தேர்வு மையத்துக்குப் பயணம் என்று சில்லறைத் தடைகள் வேறு. நகரத்துத் தனியார் பள்ளிக்கு இவை தடையாகவே தெரியாது.

அரசின் மாதிரிப் பள்ளிகள் இதற்கு விடை என்று சிலர் சொல்லலாம். அவை நல்ல முயற்சிதான், ஆனால் ஏற்கெனவே மதிப்பெண்ணில் தெரியவந்த பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பவை. மெதுவாக யோசிக்கும் பிள்ளை, 90 நிமிடத்தில் 90 கேள்வி என்ற சல்லடையில் முதலிலேயே கீழே விழுந்துவிடும். ஒலிம்பியாட்டுக்குத் தேவையானது சில நேரம் அந்தப் பிள்ளையாகவே இருக்கக்கூடும்.

இந்த மாவட்டத்துக்குச் சொந்தமாகவே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1991-ல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம், பெரிய பயிற்சி நிறுவனம் எதையும் நம்பி நடக்கவில்லை. ஊர் ஊராகத் தொண்டர்கள், மாலை நேரம், கையில் கிடைத்த வெளிச்சம். குவாரித் தொழிலாளிப் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் எழுத்தும் எண்ணும் கற்றார்கள், கூடவே சைக்கிளும். சைக்கிளுக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கும் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். பெண்கள் ஓட்டிக் காட்டினார்கள்.

ஒலிம்பியாட் கணக்குக்கும் அந்த வழி போதும். வாரத்தில் ஒரு பாடவேளை, ஒரே ஒரு கணக்கு, தமிழில். மதிப்பெண் கிடையாது. தப்பான முயற்சிகளையும் பலகையிலிருந்து அழிக்கக் கூடாது. விடை வரும் வரை அடுத்த வாரமும் அதே கணக்குதான். ஆசிரியருக்கும் விடை தெரியாமல் இருக்கலாம், அதற்கு அவர் கூச்சப்படத் தேவையில்லாத சூழலைக் கல்வித் துறைதான் உருவாக்கணும். 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாலை நேரத் தன்னார்வலர்களை ஊருக்குள் கொண்டுவர முடியும் என்று காட்டியது. சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கும் புதுக்கோட்டைக்காரர்கள் எத்தனையோ பேர். இன்டர்வியூவில் புதிர் கேட்டால் திணறிய அனுபவம் அவர்களில் பலருக்கும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், ஒரு வீடியோ கால், சொந்த ஊர்ப் பள்ளியின் பத்துப் பிள்ளைகள் என்று ஆரம்பித்தால்கூடப் போதும்.

முதல் வாரத்துக்கான கணக்கு வேண்டுமானால் கையிலேயே இருக்கிறது. அதே 21 புளியங்கொட்டைகள், அதே விதி. ஒரே ஒரு மாற்றம்: கடைசிக் கொட்டையை எடுப்பவர் தோற்றார். இப்போது ஜெயிக்க வேண்டுமென்றால் முதலில் ஆடணுமா, இரண்டாவதாக ஆடணுமா?