பழைய பிராஸஸரும் புதிய பயாஸும்

ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவரின் மளிகைக் கடைக் கணக்கு முழுவதும் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதாம். 2018-ல் வாங்கியது, பிராஸஸர் ஏ.எம்.டி. ஏ6-9500. இதுவரை ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் தம்பி, "பயாஸ் பழசாகிவிட்டது அக்கா, புதிதை ஏற்றிவிடுகிறேன்" என்று பென் டிரைவும் கையுமாக நிற்கிறாராம். ஏற்றச் சொல்லலாமா, கூடாதா என்பது கேள்வி.

அம்மணி, தம்பிக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்து உட்கார வையுங்கள். பென் டிரைவை மட்டும் தற்சமயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மதர்போர்டின் மீது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாக ஒரு சிப் இருக்கிறது. அதில் குடியிருக்கும் புரோகிராம்தான் பயாஸ். பொத்தானை அழுத்தியதும் முதலில் கண் விழிப்பது அதுவே. பிராஸஸர் யார், மெமரி எவ்வளவு, டிஸ்க் எங்கே என்று விசாரித்து, எல்லாரையும் வேலைக்குக் கிளப்பிவிட்டுப் பிறகுதான் விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. பிராஸஸரை அதற்கு அடையாளம் தெரியாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

"புதிய பதிப்புக்குப் பழைய பிராஸஸரைத் தெரியாமல் போகுமா?" என்று கேட்பீர்கள். போகும்! அதுவும் சகோதரியின் வீட்டில் இருக்கும் ஜாதி பிராஸஸருக்கே அந்தக் கதி நேர்ந்திருக்கிறது. ஏ.எம்.டி. கம்பெனி ஏ.எம்.4 என்ற ஒரே சாக்கெட்டில் பல தலைமுறைகளைக் குடிவைத்தது. முதலில் ஏ வரிசை, 2017-ல் ரைஸன், 2019-ல் ரைஸன் 3000, 2020-ல் ரைஸன் 5000. ஒவ்வொரு தலைமுறைக்கும் தனித்தனிக் குறிப்பு பயாஸில் இருந்தாக வேண்டும். ஆனால் அந்நாளைய பல போர்டுகளில் சிப்பின் கொள்ளளவு 16 மெகாபைட்தான். 2019-ல் புது மருமகள் வந்தபோது வீட்டில் இடமில்லை. எம்.எஸ்.ஐ. கம்பெனி சில போர்டுகளில் பயாஸ் திரையின் அலங்காரங்களை எல்லாம் கழற்றிப் போட்டது. அதுவும் போதாமல் ஏ வரிசைக்காரர்களையே வெளியேற்றியது. 2020-ல் ஏ.எம்.டி.யே பகிரங்கமாகச் சொல்லிற்று: சில பழைய போர்டுகளில் 5000 வரிசைக்கான பயாஸை ஏற்றினால் பழைய பிராஸஸர்கள் பலவற்றுக்கு ஆதரவு போய்விடும், திரும்பி வர வழியில்லை என்று. தம்பியின் பென் டிரைவில் இருப்பது இந்த ரகமாக இருந்தால் நாளைக் காலையில் கடைக் கணக்கைப் பார்க்க முடியாது. அதைச் சீர்செய்ய வேறொரு பிராஸஸரையோ, சிப்பில் நேராக எழுதும் கருவியுள்ள மெக்கானிக்கையோ தேட வேண்டிவரும்.

அப்படியானால் பயாஸைத் தொடவே கூடாதா? அப்படி நான் சொல்லமாட்டேன். 2024 ஆகஸ்டில் 'ஸிங்க்குளோஸ்' என்ற பாதுகாப்புக் குறை வெளியாயிற்று. ரைஸன் 3000-க்கு மருந்து கிடையாது என்று முதலில் கைவிரித்த ஏ.எம்.டி., பிறகு மனம் மாறி அதற்கும் திருத்தம் தந்தது. அதை வைத்திருப்பவர்கள் ஏற்றிக்கொள்வதே நல்லது. இன்டெலின் 13, 14-வது தலைமுறை மேஜைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். அதிக மின்னழுத்தத்தால் பிராஸஸரே கெடுவதைத் தடுக்கும் திருத்தம் 2024 முதல் பயாஸ் வழியாகத்தான் வருகிறது. ஆனால் மருந்தே நோயானதும் உண்டு. 2018 ஜனவரியில் 'ஸ்பெக்டர்' குறைக்காக இன்டெல் அவசரமாகத் தந்த திருத்தம், ஹாஸ்வெல், பிராட்வெல் என்ற பழைய பிராஸஸர்களைத் தாமாக அணைந்து எழும்படி செய்தது. அதே மாதம் 22-ஆம் தேதி இன்டெலே அதை நிறுத்தி வைக்கச் சொன்னது.

ஆகவே சகோதரி, தம்பியை இரண்டு காரியங்கள் செய்யச் சொல்லுங்கள். போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் பிராஸஸர் பட்டியலைப் பார்க்கட்டும். பிறகு ஒவ்வொரு பயாஸ் பதிப்பின் கீழும் இருக்கும் நாலு வரிக் குறிப்பைப் படிக்கட்டும். 'புதிய பிராஸஸர்களுக்கு ஆதரவு' என்று மட்டும் இருந்தால் உங்களுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. உங்கள் பிராஸஸருக்கு வேண்டிய பாதுகாப்புத் திருத்தம் இருந்தால், அதை நீக்காத கடைசிப் பதிப்பு எதுவோ அதை ஏற்றலாம். எல்லாவற்றிலும் புதியது என்று பார்த்து எடுக்க வேண்டாம்.

ஏற்றுவதென்று முடிவானால், முதலில் கடைக் கணக்கை வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தால் அதன் மீட்புச் சாவி கையில் இருக்கட்டும். பயாஸ் மாறியதும் அதைக் கேட்கக்கூடும். யு.பி.எஸ். இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். பாதி எழுதும்போது மின்சாரம் போனால் போர்டு பிழைப்பது கஷ்டம். ஐந்து, பத்து நிமிஷ வேலைதான். அது முடிகிற வரையில் அந்தப் பொத்தான் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள், தம்பியையும்தான்.