தெர்மாமீட்டரை யார் சரிபார்த்தது?



ஆய்வகத்தில் தெர்மாமீட்டரைத் தொடுவதற்கு முன், உருகும் ஐஸில் ஒரு முறை, கொதிநீரின் ஆவியில் ஒரு முறை வைத்துச் சரிபார்க்கச் சொல்வேன். "மணி அடிச்சிடும் சார்" என்று முணுமுணுப்பீர்கள். அந்தப் பழக்கத்தால் போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் கெட்ட பெயர் வாங்கினேன்.

என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை செய்த இடத்திலேயே திரும்ப வந்திருக்கிறது. ஏற்கெனவே கதிர்வீச்சு பட்ட இடம் என்பதால் மறுபடி முழு அளவு தர முடியாது. குறைந்த அளவு கதிர்வீச்சோடு ஹைப்பர்தெர்மியா, அதாவது வெப்ப சிகிச்சையும் தரலாம் என்றார்கள். மைக்ரோவேவ் கருவியால் கட்டியை 41 முதல் 43 டிகிரி வரை சுமார் ஒரு மணி நேரம் சூடாக்குவார்கள். கதிர்வீச்சால் அடிபட்ட புற்றுசெல், சூட்டில் தன்னைச் சரிசெய்துகொள்ளத் திணறும்.

இது ஏமாற்று வைத்தியம் இல்லை. இதே போன்ற மார்பகக் கட்டிகளில் நடந்த ஐந்து சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 1996இல் முடிவு வெளியிட்டார்கள். கதிர்வீச்சு மட்டும் தந்தபோது 41 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது, வெப்பமும் சேர்ந்தபோது 59 சதவீதம். ஆனால் 1980களில் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய சோதனையில் மொத்தத்தில் பலன் தெரியவில்லை. பிறகு ஆராய்ந்தால், பல கட்டிகள், முக்கியமாகப் பெரியவை, போதிய சூட்டையே அடைந்திருக்கவில்லை!

கணக்கைப் பாருங்கள். 43 டிகிரியில் ஒரு மணி நேரம் செய்யும் வேலைக்கு 42இல் நான்கு மணி நேரம் வேண்டும். ஒரு டிகிரி தப்பினால் கால் பங்கு மருந்துதான். ரத்த ஓட்டம் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். தோலுக்கும் தண்ணீர்ப் பைக்கும் நடுவில் காற்று புகுந்தாலும் சூடு சீராகப் பரவாது, ஓரிடத்தில் தோல் வெந்தும் போகலாம்.

அதனால்தான் கேட்டேன், எத்தனை இடத்தில் அளக்கிறீர்கள் என்று. "ஸ்கிரீன்ல 43 காட்டும் சார்." எந்த இடத்து 43? சென்சாரைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்? அந்தத் தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. தங்கை என் கையை அழுத்தினாள். "விடுங்கண்ணா, கோவிச்சுக்கப் போறாங்க."

செகண்ட் தெர்மலில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருக்கும் என் மாணவனிடம் சொன்னேன். "ஒரே இடத்து அளவை நம்பி நாங்க பாய்லரை ஓட்ட மாட்டோம் சார்" என்றான். பாய்லருக்கு உள்ள மரியாதை என் தங்கைக்கு வேண்டாமா?

கதிர்வீச்சுக் கருவி என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். மைக்ரோவேவ் அந்த வாரியத்தின் கீழ் வராது. ஐரோப்பிய ஹைப்பர்தெர்மியா சங்கம் இதற்கென்றே தர வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. தசையைப் போன்ற ஜெல்லியில் கருவியைச் சோதிப்பது, சென்சாரைச் சரிபார்ப்பது, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைப் பதிவது எல்லாம் அதில் உண்டு. இங்கேயும் இது கட்டாயமாக வேண்டும் என்பதே என் கருத்து. அதுவரை உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை என்றால், வெப்பப் பதிவுத் தாளைக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

நாங்கள் வேறு இடம் பார்த்தோம். கேட்பதற்கு முன்பே ஃபைலைத் திறந்து காட்டினார்கள். செவ்வாய்க்கிழமை முதல் சிட்டிங். தங்கை இப்போதே சொல்லிவிட்டாள், "அண்ணா, நீங்க வெளியிலேயே உட்காருங்க."