மரத்துப்போன உதடு

தாடை சீராகிவிட்டது. கண்ணாடியில் முகம் பாந்தமாகத் தெரிகிறது. ஆனால் மோவாயில் ஒட்டியிருக்கும் சாம்பார், எதிரே உட்கார்ந்திருப்பவர் சொன்னால்தான் தெரிகிறது. துருத்திய அல்லது உள்ளடங்கிய கீழ்த்தாடையை ஆபரேஷன் மூலம் சரிசெய்துகொண்ட பலருக்கும் முதல் சில வாரங்கள் இப்படித்தான் கழிகின்றன.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய்ப் பாதை உண்டு. அதில் ஓடும் நரம்புதான் கீழ்ப்பற்களுக்கும் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. ஆஸ்திரியாவில் பிறந்த டாக்டர் ஹூகோ ஆப்வெகெசர் 1950களில் உருவாக்கி, திருத்தங்களுடன் இன்றும் பரவலாகச் செய்யப்படும் முறையில், தாடையின் பின்பகுதி இருபுறமும் நெடுக்காகப் பிளக்கப்பட்டு நகர்த்தப்படுகிறது. நரம்பு அறுபடாவிட்டாலும் இழுபடும், நசுங்கும், வீக்கத்தில் அழுந்தும். தசைகளை இயக்குவது வேறு நரம்பு என்பதால் சிரிப்பு கோணுவதில்லை. "பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே" என்று வீட்டார் அலுத்துக்கொள்வதும் அதனால்தான்.

லேசாக அழுந்திய நரம்பு சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். உள்ளிழைகள் சிதைந்திருந்தால் அவை புதிதாக வளர வேண்டும். வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். எனவே மாதக்கணக்கு, சிலருக்கு ஓராண்டுக்கு மேலும். திரும்பும் விதமும் விசித்திரமானது. எறும்பு ஊறும், ஊசி குத்தும், சுரீரென்று மின்சாரம் பாயும். நோயாளி மிரண்டுபோனாலும் பெரும்பாலும் இது நல்ல சேதி. ஓயாத எரிச்சலும், தொட்டாலே வலிப்பதும் வேறு விஷயம். 3 மாதமாகியும் துளிகூட உணர்ச்சி இல்லையென்றாலும் நரம்பைச் சீராக்கும் அறுவை நிபுணரிடம் காட்டிவிடுவது நல்லது.

வயது கூடக்கூட முழுதாகத் திரும்பும் வாய்ப்பு குறைகிறது. சிலருக்கு உதட்டோரம் ஓர் இடம் நிரந்தரமாக மந்தமாகவே இருந்துவிடும். "கொஞ்ச நாள் மரத்திருக்கும்" என்ற ஒற்றை வரியோடு சம்மதப் படிவத்தை நீட்டுவது போதாது. கல்யாணத்துக்கு முன் முகத்தைத் திருத்திக்கொள்ள வரும் இளைஞர்கள் இதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் செய்ய ஒரு பயிற்சி உண்டு. கண்ணாடி முன் நின்று மெல்லிய பிரஷ்ஷால் உதட்டையும் மோவாயையும் வருட வேண்டும்; பிறகு கண்ணை மூடி, பிரஷ் எந்தப் பக்கம் போகிறது என்று கவனிக்க வேண்டும். இதனால் நரம்பு வேகமாக வளர்ந்துவிடாது. அரைகுறையாக வரும் செய்திகளைப் புரிந்துகொள்ள மூளை பழகுகிறது, அவ்வளவுதான். வட கரோலினா பல்கலைக்கழகத்தினர் 2007ல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பயிற்சி செய்தவர்களை மரப்பு குறைவாகவே தொந்தரவு செய்தது தெரியவந்தது. அதுவரை ஷேவிங்கில் நிதானம் தேவை. காபியின் சூட்டை உதட்டால் அல்ல, விரலால் பார்க்க வேண்டும்.