அட்டையின் பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும்

தேர்வு நெருங்கும் வாரங்களில் விடுதி அறைகளிலும் நூலகத்திலும் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். கற்றல் இணையத்தளம் ஒன்றில் யாரோ தொகுத்து வைத்த கேள்வி பதில்களைத் தேடி எடுத்து, போட்டோஸ்டாட் கடையில் அச்சிட்டு, கத்தரித்து, ரப்பர் வளையம் போட்டு மேசை மீது அடுக்கி வைத்திருப்போம். கட்டு உயர உயர, பாதிப் பாடத்தைப் படித்து முடித்துவிட்ட நிம்மதியும் வந்துவிடும். அந்த நிம்மதிதான் நம்மை ஏமாற்றுகிறது என்பது என் கருத்து. நம்மை மட்டும் ஏமாற்றினால்கூடப் பரவாயில்லை. நம்மை நம்பி வரும் தம்பி தங்கையரையும் அது ஏமாற்றிவிடும் என்பதைக் கடந்த ஆண்டு கண்கூடாகக் கண்டேன்.

ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என அமையும் ஃபிளாஷ் கார்டு நமக்குப் புதியதன்று. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் சொல்லட்டையைத் தூக்கிக் காட்ட, வகுப்பே உரக்கச் சொன்ன நாள்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 1972-ஆம் ஆண்டு ஜெர்மானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் இதற்கு ஒரு பெட்டி முறையைத் தம் நூலில் விளக்கினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பி வரும். பின்னர்க் கணினிக் காலம் வந்தது. 2005-இல் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவரான ஆண்ட்ரூ சதர்லாண்ட், பிரெஞ்சுச் சொற்களை மனனம் செய்வதற்காகத் தாமே ஒரு நிரல் எழுதினார். அதுதான் 2007-இல் குவிஸ்லெட் என்னும் இணையத்தளமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தமக்குத் தேவையான ஒன்றை அந்த மாணவர் தாமே உருவாக்கிக் கொண்டார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். நாமோ அடுத்தவர் உருவாக்கியதை அச்சிடுவதோடு நின்றுவிடுகிறோம்.

கடந்த ஆண்டு நானும் நண்பர்கள் சிலரும் எஸ்.பி.எம். தேர்வெழுதும் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு வார இறுதிகளில் இலவசத் தமிழ் வகுப்பு நடத்தினோம். மொழியணிகளைப் படிக்க அட்டை கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இணையத்தில் கிடைத்த ஒரு தொகுப்பைப் பதிவிறக்கம் செய்து, தொடர்களை முன்பக்கத்திலும் பொருள்களைப் பின்பக்கத்திலுமாக இரண்டு வரிசைகளில் அச்சிட்டோம். தாளைத் திருப்பும்போது இடப்பக்கம் வலப்பக்கமாகும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பின்பக்கத்தில் வரிசைகளை இடம் மாற்றி வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. அதனால் இடப்பக்கத் தொடருக்கு வலப்பக்கத் தொடரின் பொருளும், வலப்பக்கத் தொடருக்கு இடப்பக்கத் தொடரின் பொருளும் அமைந்துவிட்டன.

இரண்டு வாரம் கழித்து, மரபுத்தொடர்களை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னோம். "அப்பா தம் சம்பளப் பணம் முழுவதையும் கரைத்துக் குடித்தார்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. தன் அட்டையை எடுத்து நீட்டினான். முன்பக்கம் 'கரைத்துக் குடித்தல்'. பின்பக்கம் 'அளவுக்கு மீறிச் செலவழித்தல்'. அது 'அள்ளி இறைத்தல்' என்பதற்கு உரிய பொருள். அவன் நாங்கள் கொடுத்ததை நம்பி ஒழுங்காக மனனம் செய்திருந்தான். ஒன்றை முழுமையாகக் கற்றறிவதைக் குறிக்கும் தொடரையே நாங்கள் பிழையாகக் கற்றுக் கொடுத்திருந்தோம்.

அப்போது பின்வரிசையிலிருந்த ஒரு தங்கை, "அக்கா, என் அட்டையில சரியாதான் இருக்கு" என்றாள். அவள் வைத்திருந்தவை நாங்கள் கொடுத்த அட்டைகள் அல்ல. பழைய நாள்காட்டியின் தடித்த அட்டையை வெட்டி, பாடநூலைப் பார்த்துத் தானே எழுதியவை. எங்கள் அட்டைகளை என்ன செய்தாய் என்று கேட்டேன். "வாங்கி வச்சேன், படிக்கலக்கா" என்றாள். அச்சிட்டோம், கத்தரித்தோம், வளையம் போட்டோம். ஆனால் ஓர் அட்டையைக்கூட இருபுறமும் திருப்பிப் படித்துப் பார்க்கவில்லை. கையால் எழுதியிருந்தால் முதல் அட்டையிலேயே பிழை கண்ணில் பட்டிருக்கும்.

இதை எங்கள் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பிழையே இல்லாமல் அச்சிட்டிருந்தாலும் பயன் முழுமையாக இருந்திருக்காது என்றே கருதுகிறேன். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்னும் உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் படித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 42 விழுக்காட்டையே நினைவுகூர்ந்தனர். ஒருமுறை படித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ 56 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். அட்டையின் பயன் அதைப் பார்ப்பதில் இல்லை; பின்பக்கத்தைத் திருப்புமுன் பதிலைத் தேடி மனம் படும் பாட்டில்தான் இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் பானும் சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வோ, ஆயத்தமாகக் கிடைத்த மின்னியல் அட்டைகளில் படித்தவர்களைவிட, தாமே உருவாக்கிய அட்டைகளில் படித்தவர்கள் மேலாகக் கற்றனர் எனக் காட்டியது. எதை எழுதுவது, எதை விடுவது, எப்படிச் சுருக்குவது என்று முடிவு செய்வதும் படிப்புதான். ஆயத்த அட்டையை அச்சிடும்போது அந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுகிறோம்.

இதில் நம் மாணவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்து உண்டு. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால்தான் தமிழ் வகுப்புக்கு வழி பிறக்கும். எங்கள் வகுப்புக்கு வந்தவர்களுள் சிலருக்குத் தங்கள் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பே கிடையாது. ஆறாம் ஆண்டோடு தமிழாசிரியரைப் பிரிந்தவர்கள் அவர்கள். வரலாற்றுப் பாடத்தில் ஓர் அட்டை தவறாக இருந்தால் மறுநாளே ஆசிரியர் திருத்திவிடுவார். தமிழில் தவறாக இருந்தால் அவர்களுக்குத் திருத்த யார் இருக்கிறார்கள்? அந்த அட்டைதான் அவர்களுக்கு ஆசிரியர்.

"படிக்கவே நேரமில்லை, இதில் எழுதிக்கொண்டு வேறு இருக்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மருத்துவமும் சட்டமும் பயிலும் நண்பர்கள் நூற்றுக்கணக்கான அட்டைகளையும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. நான் அச்சிடுவதற்கு எதிரி அல்லள். சொல்லப்போனால், திரையைவிடத் தாளே எனக்குப் பிடிக்கும். தாளுக்கு இணைய இணைப்பு வேண்டாம், மின்னூட்டம் வேண்டாம். புலனச் செய்தி வந்து இடையில் குறுக்கிடாது. பேருந்திலும் தேர்வு மண்டப வாசலிலும் கலைத்துப் போட்டுப் படிக்கலாம். சொந்தக் கைப்பேசி இல்லாத மாணவருக்கும் அது எட்டும்.

ஆகவே, என் பரிந்துரை எளியது. முன்பக்கத்தை மட்டும் அச்சிடுவோம். பின்பக்கத்தை வெறுமையாக விட்டு, பொருளைப் படிப்பவரே தம் கையால் எழுதட்டும். இதனால் அச்சுச் செலவு பாதியாகக் குறையும். வரிசை மாறும் தொல்லையும் இராது. பொருளோடு தம் சொந்த வாக்கியம் ஒன்றையும் அவர் எழுத வேண்டும். எழுதியதை வகுப்பில் நாம் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தர வேண்டும். அந்தத் தம்பி தன் வாக்கியத்தை முதல் நாளே அட்டையில் எழுதியிருந்தால், இரண்டு வாரம் தவறான பொருளைச் சுமந்திருக்க மாட்டான். நம் சொந்தப் பாடங்களுக்கும் இதே முறையைக் கையாளலாம். எல்லா அட்டைகளையும் எழுத முடியாவிட்டாலும், மீண்டும் மீண்டும் தவறுகின்ற இருபது அட்டைகளையாவது நாமே எழுதுவோம்.

தோழர்களே, நம் கழக உறுப்பினர் பலர் ஆண்டுதோறும் இத்தகைய வகுப்புகளுக்குத் தொண்டூழியராகச் செல்கிறோம். கட்டுக்கட்டாக அச்சிட்டுக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது எளிது. ஒவ்வோர் அட்டையையும் மாணவரோடு உட்கார்ந்து எழுத வைப்பது கடினம். நமக்கு நேரம் ஒதுக்கிச் சொல்லட்டை எழுதிய தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களை எண்ணிப் பார்த்தால், நாம் எதைச் செய்ய வேண்டும் என்பது விளங்கும். இவ்வாண்டு வகுப்புக்கு நாங்கள் ஒரு பக்கம் மட்டுமே அச்சிடப் போகிறோம். மற்றக் கல்லூரி, பல்கலைக்கழகத் தோழர்களும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.