கருவில் பட்ட பசி

ஒரு தாய் உண்ணும் ஆகாரமே அவள் வயிற்றில் வளரும் சிசுவுக்கு ரத்தமும் சதையும் ஆகிறது என்பதை நம் பாட்டிமார் எந்தச் சாஸ்திரமும் படிக்காமலே அறிந்திருந்தார்கள். ஆனால் அவளுக்குக் கிடைக்காமற்போன ஆகாரம், அந்தச் சிசு பிறந்து, வளர்ந்து, உத்தியோகம் பார்த்து, தலை நரைத்த பிறகும் அதன் மூளையில் தடம் பதித்திருக்கக்கூடும் என்ற செய்தி, ஹாலந்து தேசத்து மக்கள் பட்ட ஒரு கொடிய பஞ்சத்திலிருந்து உலகுக்குக் கிடைத்தது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944 செப்டம்பரில், நேச நாட்டுப் படைகளுக்கு உதவியாக டச்சு ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, அதற்குப் பழிவாங்க நினைத்த, நாட்டை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர், மேற்கு ஹாலந்தின் நகரங்களுக்கு உணவு செல்லும் வழிகளை அடைத்தார்கள்; பின்னர் அவர்கள் தடையை ஓரளவு தளர்த்திய வேளையிலோ, கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்து படகுகளும் நின்றுபோயின. ஆம்ஸ்டர்டாம்வாசி ஒருவருக்கு ரேஷனில் கிடைத்த ஆகாரம் நவம்பர் இறுதியில் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கி, அடுத்த மாதங்களில் 400க்கும் 800க்கும் இடையே ஊசலாடியது. துலிப் பூவின் கிழங்கைத் தோலுரித்துப் பிளந்து, நடுவிலுள்ள நஞ்சுடைய மஞ்சள் குருத்தைக் கிள்ளியெறிந்துவிட்டு, மிச்சத்தை வேகவைத்துத் தின்று ஜனங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுமார் 20,000 பேர் மாண்டார்கள். 1945 மே மாதம் விடுதலையும் வந்தது; சோற்றுக் கவலையும் தீர்ந்தது.

அந்நாட்களில் ஆம்ஸ்டர்டாம் வில்ஹெல்மினா ஆஸ்பத்திரியில் ஒழுங்காக எழுதி வைத்திருந்த பிரசவக் குறிப்புகளைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் தேடியெடுத்து, அங்கே பிறந்த 2,414 பேரின் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனிக்கலானார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பட்டினி கிடந்தவர்களின் குழந்தைகள் எடை குறைந்து பிறந்திருந்தன. பஞ்சத்தின் நடுவே கருவுற்று, விடுதலைக்குப் பின் வயிறார உண்டு, அவ்வருஷக் கடைசியில் பிரசவித்தவர்களின் குழந்தைகளோ எடையில் யாதொரு குறையுமின்றிப் பிறந்திருந்தன. இவை தப்பிவிட்டன என்றே எவரும் எண்ணியிருப்பர். ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட 19 வயது இளைஞர்களின் புத்திப் பரீட்சை முடிவுகளைத் திரட்டி ஸீனா ஸ்டைன், மெர்வின் சஸ்ஸர் முதலியோர் 1972இல் வெளியிட்ட ஆராய்ச்சியும், பஞ்சத்தில் கருவானவர்களுக்குப் புத்தியில் பழுதில்லை என்றே சொல்லிற்று.

தப்பிவிட்டதாகத் தோன்றிய அவர்களே அறுபதை நெருங்கியபோது சங்கதி வேறாயிற்று. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் அச்சிட்டுக் காட்டி, சொல்லில் மயங்காமல் மையின் நிறத்தைக் கண்டுகொள்ளச் செய்யும் வகையான ஒரு பரீட்சையில், கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே பஞ்சம் தீண்டியவர்கள் பின்தங்கினார்கள் என்று 2010இல் சுசான் டி ரோய் குழுவினர் தெரிவித்தார்கள். வயது ஏறஏறத் தளரும் சக்திகளில் கவனத்தை ஒருமுகப்படுத்துவதும் ஒன்று. பின்பு மூளையைப் படமெடுத்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய ஆண்களின் மூளை, பஞ்சம் தீண்டாதவர்களின் மூளையைக் காட்டிலும் சுமார் 4 வருஷம் கூடுதலாக முதிர்ந்து காணப்பட்டது; பெண்களிடம் அந்த வேற்றுமை தென்படவில்லை. ஆராயப்பட்டவர்கள் சொற்பம், பசியோடு குளிரும் பீதியும் கூடவே இருந்தன என்பதையும் மறக்கலாகாது.

பேரப்பிள்ளைகள் சங்கதி இன்னும் விசித்திரமானது. பெண் சிசுவுக்குத் தாய் வயிற்றிலேயே கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. ஆகவே ஒரு கர்ப்பிணியின் ஒரு கவளம், மகளோடு பேரக்குழந்தையின் வித்தையும் தொடுகிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்களுக்கு, ஆப்பிள் தோலிலும் சில மூலிகைகளிலும் உள்ள அர்சாலிக் அமிலத்தை ஊட்டிப் பார்த்து, தாய்ப்புழுவின் குடலில் உண்டாகும் ஒருவகைக் கொழுப்பு முட்டைகளைச் சென்றடைந்து, அடுத்துவரும் சந்ததியாரின் நரம்பிழைகளை முறியாமல் காப்பதாக 2023இல் அறிவித்தார்கள். ஆனால் புழுவுக்குப் பலித்தது மனுஷருக்கும் பலிக்கும் என்று இப்போதே ஆப்பிள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது விவேகமாகாது.

அதைவிட அவிவேகம், இத்தகைய ஆராய்ச்சிகளைப் படித்துவிட்டு, கர்ப்பிணியின் தட்டைப் பார்த்து உபதேசம் தொடங்குவது. ஆம்ஸ்டர்டாமின் தாய்மார் துலிப் கிழங்கை விரும்பியா தின்றார்கள்? அவர்களுக்குச் சேரவேண்டிய உணவை மறித்து நின்றவர்கள் வேறு மனிதர்கள். ஆகையால் கர்ப்பிணிகளுக்கு வயிறாரச் சோறு கிடைக்கச் செய்வது எந்த அரசாங்கத்துக்கும் முதற்கடமை. யுத்தத்தின் பெயரால் உணவு வண்டியைத் தடுத்து நிறுத்துகிறவன், இன்னும் பிறவாத மனிதர்களின் முதுமைக்கும் சேர்த்தே குற்றவாளி.