இருபத்தொன்பதாம் நாள்

பிரிட்டனில் 18 வயது நிரம்பிய மாற்றுத்திறனாளி ஒருவர் என்.எச்.எஸ். மருத்துவமனையில் சேர்ந்து 28 நாள் கடந்தால், அவர் பெறும் பிப் எனப்படும் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு நின்றுவிடுகிறது. அன்றாட வாழ்வுக் கூறு, நடமாட்டக் கூறு இரண்டுமே நிற்கின்றன. ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்கள் பெறும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கும் இதே விதிதான். 2025-26ஆம் ஆண்டு விகிதப்படி, பிப்பின் இரு கூறுகளிலும் உயர்தொகை பெறுபவருக்கு வாரம் 187.45 பவுண்ட் இழப்பு. நோய் முற்றி, குடும்பத்தார் வேலையைக் குறைத்துக்கொண்டு மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலையும் வேளையில் இது நடக்கிறது. பெரியவர்கள் விஷயத்தில் இந்த விதி மாற வேண்டும் என்பதே இந்த இதழின் நிலைப்பாடு. அது மாறும்வரை, அதன் நுணுக்கங்களை விரல்நுனியில் வைத்திருப்பது ஆலோசகர்களான நம் கடமை.

விதிக்குச் சொல்லப்படும் நியாயம் ஒன்றுதான்: ஒரே தேவைக்குப் பொதுப்பணம் இருமுறை செலவாகக் கூடாது. மருத்துவமனையில் உணவும் படுக்கையும் தாதியர் பராமரிப்பும் இலவசம். ஆகவே பராமரிப்புக்கென்று தனித்தொகை எதற்கு என்கிறார்கள். ஆனால் பிப் மருத்துவச் செலவுக்காகத் தரப்படுவதில்லை. உடற்குறையோடு வாழ்வதால் ஏற்படும் கூடுதல் செலவை ஈடுகட்டத் தரப்படுவது. அந்தச் செலவு வார்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை. நம்மிடம் வரும் தமிழ்க் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். டிமென்ஷியா வந்த தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்கு ஊட்டிவிடுவது, எங்கே வலிக்கிறது என்று கேட்டுத் தாதியிடம் சொல்வது, மிரண்டு எழும்போது அமைதிப்படுத்துவது எல்லாம் மகளோ மருமகளோ செய்யும் வேலை. அதற்காக விட்ட சம்பளமும், தினசரிப் போக்குவரத்தும், வெளியில் வாங்கிச் சாப்பிடும் செலவும் எந்த என்.எச்.எஸ். கணக்கிலும் ஏறுவதில்லை.

குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த உண்மையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது. 16 வயதுக்கு உட்பட்டவர்களின் டி.எல்.ஏ. எனப்படும் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு முன்பு மருத்துவமனையில் 84 நாள் கடந்ததும் நிறுத்தப்பட்டது. கடுமையான குறைபாடுகள் கொண்ட ஒரு சிறுவன் ஓராண்டுக்கு மேல் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தபோது, அவனுக்கும் நிறுத்தப்பட்டது. பெற்றோர் அவனருகே இருந்து பராமரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மாத்தீசன் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 2015 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்தை நிறுத்தியது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவுக்கு மாறான பாகுபாடு என்றது. தீர்ப்பைக் காண அந்தச் சிறுவன் உயிரோடு இல்லை. 2016இல் விதிகள் திருத்தப்பட்டன. மருத்துவமனையில் சேரும் நாளில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு இப்போது கொடுப்பனவு நிற்பதில்லை.

பெரியவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. வயதுவந்த ஒருவருக்காகத் தொடரப்பட்ட எம்.ஓ.சி. வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் தள்ளுபடி செய்தது. ஆகவே 18ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் சேர்ந்தவருக்குப் பணம் தொடரும். மறுவாரம் சேர்ந்தவருக்கு 28 நாளில் நிற்கும். இருவருடைய நோயும் ஒன்றாக இருக்கலாம், அருகில் அமர்ந்திருக்கும் தாயின் உழைப்பும் ஒன்றாக இருக்கலாம். பிறந்தநாளைத் தவிர வேறு காரணம் இல்லாத இந்த வேறுபாட்டை நியாயம் என்று ஏற்க முடியாது.

நீதிமன்றம் கைவிட்டாலும் அரசியல் வழி இருக்கிறது. முன்பு அது பலித்தும் இருக்கிறது. நீண்டநாள் மருத்துவமனையில் இருப்போரின் அரச ஓய்வூதியத்தைக் குறைக்கும் பழைய நடைமுறை 2006 ஏப்ரலில் ஒழிக்கப்பட்டது. அரச செலவில் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரின் நடமாட்டக் கூறைப் பறிக்கப்போவதாக 2010இல் அரசு அறிவித்தது. மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய அமைப்புகளும் எதிர்த்து நின்றார்கள். பார்வையற்றவரான லோ பிரபுவின் தலைமையில் நடந்த ஆய்வு, அந்தத் தொகை இல்லவாசிகளின் வாழ்க்கைக்கு எவ்வளவு அவசியம் என்பதைச் சான்றுகளோடு காட்டியது. 2011 டிசம்பரில் அரசு பின்வாங்கியது. இன்று அரச செலவில் பராமரிப்பு இல்லத்தில் இருப்பவருக்கு அன்றாட வாழ்வுக் கூறு நின்றாலும் நடமாட்டக் கூறு தொடர்கிறது என்றால், அந்தப் போராட்டமே காரணம்.

இனி நடைமுறை. முதலாவது, நிற்பது கொடுப்பு, உரித்து அல்ல. கொடுப்பனவை வழங்கிய முடிவு நடைமுறையில் இருக்கும்வரை, வீடு திரும்பியவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. திரும்பிய செய்தியைத் தெரிவித்தால் போதும். பணம் நின்றதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணி மாதக்கணக்கில் பேசாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, நாள் கணக்கு. சேரும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் வராது. வெள்ளி மாலை பராமரிப்பு இல்லத்துக்குப் போய்த் திங்கள் காலை திரும்புபவருக்கு இரண்டு நாள்தான் எண்ணப்படும். ஆனால் இரு தங்கல்களுக்கு இடையே வீட்டில் இருந்த நாள்கள் 28 அல்லது அதற்குக் குறைவு என்றால் அவை ஒன்றாகக் கூட்டப்படும். உள்ளூராட்சி மன்றத்தின் செலவில் வாரந்தோறும் ஓய்வுப் பராமரிப்புக்குப் போகிறவருக்கு 14 வார இறுதிகளில் 28 நாள் நிறைந்துவிடும். தொடர்ந்து 29 நாள் வீட்டில் இருந்தால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஓய்வுப் பராமரிப்புத் திட்டத்தில் கையெழுத்திடும் முன்பே நாள்காட்டியை வைத்துக் குடும்பத்தோடு இதைக் கணக்கிடுங்கள். வரம்பு கடந்த பிறகும் வீட்டில் கழியும் நாள்களுக்கு நாள்வீதப்படி பணம் உண்டு. மனநல வார்டிலிருந்து விடுப்பில் வருபவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மூன்றாவது, செலவு யாருடையது என்ற கேள்வி. இல்லக் கட்டணத்தை முழுவதும் தன் பணத்தில் செலுத்துபவருக்குக் கொடுப்பனவு நிற்காது. வீட்டின் மீது ஒத்திவைத்த கட்டண ஒப்பந்தம் செய்து, மன்றத்துக்குப் பின்னர் திருப்பிச் செலுத்துபவரும் சொந்தச் செலவுக்காரராகவே கருதப்படுவார். இறுதிக்கட்ட நோயாளியாக விதிகளின்கீழ் ஏற்கப்பட்டவர் என்.எச்.எஸ். மருத்துவமனை அல்லாத ஹாஸ்பிஸில் இருந்தால் அவருக்கும் தொடரும்.

நான்காவது, தொடர்விளைவு. பிப்போ அட்டெண்டன்ஸ் அலவன்ஸோ நின்றால், அதைச் சார்ந்து மகள் பெறும் கேரர்ஸ் அலவன்ஸும் நிற்கும். 2025-26இல் அது வாரம் 83.30 பவுண்ட். தனியாக வாழும் முதியவரின் பென்ஷன் கிரெடிட்டில் கடும் உடற்குறைக்காகச் சேர்க்கப்பட்ட தொகையும் போகும். நடமாட்டக் கூறிலிருந்து தவணை செலுத்தும் மொட்டபிலிட்டி காரின் நிலையும் சிக்கலாகும். ஒரு கடிதம் வந்தால் அதோடு நிறுத்தாமல் குடும்பத்தின் மொத்த வருமானத்தையும் பாருங்கள். மருத்துவமனையில் சேர்ந்த செய்தியைக் காலத்தோடு தெரிவிக்கச் சொல்லுங்கள். தெரிவிக்காவிட்டால் மிகையாக வந்த பணத்தை அரசு திரும்பக் கேட்கும்.

ஐந்தாவது, வார்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். பக்கவாதத்தால் சேர்ந்தவருக்கு அங்கிருக்கும்வரை பணம் வராது என்பது உண்மைதான். ஆனால் முடிவு முன்னதாகவே கையில் இருந்தால் வீடு வந்த நாளிலிருந்தே பணம் தொடங்க முடியும். வந்த பிறகு விண்ணப்பித்துக் காத்திருப்பது, உதவி மிகவும் தேவைப்படும் மாதங்களில் வெறுங்கையோடு இருப்பதாகும்.

இவ்வளவையும் திறம்படச் செய்தாலும் விதியின் அநீதி தீராது. 2015இல் நீதிமன்றத்தின் முன் பெற்றோரின் அனுபவங்களைத் திரட்டிவைத்த அமைப்புகள் இருந்தன. பெரியவர்கள் விஷயத்தில் அத்தகைய சான்றுகள் போதிய அளவில் திரட்டப்பட வேண்டும். அந்தப் பணியை நாம் தொடங்கலாம். 28 நாளைத் தாண்டி மருத்துவமனையில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் குடும்பம் என்னென்ன பராமரிப்பு செய்தது, எவ்வளவு செலவழித்தது, எவ்வளவு வருமானம் இழந்தது என்பதை அவர்களுடைய சம்மதத்தோடு எழுதிவையுங்கள். பெயரை நீக்கித் தொகுத்து உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். 18 வயதுக்கு உட்பட்டோருக்குக் கிடைத்த பாதுகாப்பைப் பெரியவர்களுக்கும் விரிக்க ஒரு விதித்திருத்தம் போதும். அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு நம்முடையது.